வீய் (2014): எல்லாம் பாதிரியின் வேலை என்றால் பேயை எதற்குக் காட்டினார்கள்?

மூன்றாம்_இரவு:
முடிவையும் சேர்த்தே பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் கதையை வைத்து ஓலெக் ஸ்தெப்சென்கோ இயக்கி 2014 ஜனவரி கடைசியில் ரஷ்யாவில் வெளியான 'வீய்' பற்றி இரண்டு கட்சிதான். 'கண்ணுக்கு விருந்து' என்பது ஒன்று. 'கோகோலைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

1835-இல் வந்த மூலக்கதை ஒரே ஒரு சட்டத்தில் நிற்கிறது. கோமா புரூத் என்கிற கீவ் குருமட மாணவன், இறந்துபோன பெண்ணின் பிணத்துக்கு முன்னால் மூன்று இரவு ஜெபம் வாசிக்க வேண்டும். தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறான். பிணம் எழுந்து கோடு வரைக்கும் வருகிறது, ஆனால் எதிரில் நிற்பவனை அதற்குத் தெரியவில்லை. மூன்றாம் இரவு பேய்கள் வீய் என்கிற பூதத்தைக் கூட்டி வருகின்றன. உடம்பெல்லாம் மண், இரும்பு முகம், தரை வரை தொங்கும் இமைகள். இமையைத் தூக்கிவிடச் சொல்கிறது. பார்க்காதே என்று மனசு சொல்லியும் கோமா பார்த்துவிடுகிறான். அது விரலை நீட்டுகிறது, ஆள் காலி. லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டினால்தான் வினை. இங்கே தாண்டவே வேண்டாம், நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

புதுப் படத்தில் இந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை. பெண்ணைச் சீரழித்தது பேய் இல்லை, கொம்பு வேஷம் போட்ட பாதிரி பாயிசி. விருந்து மேசையில் கோசாக்குகள் (அந்த ஊர்ப் போர்வீரர்கள்) பேயாக மாறுவது நாயகன் குடித்ததால் வந்த மயக்கம். அப்படியென்றால் வீய் என்று பெயர் எதற்கு?

அளவுச்சக்கரம்:
படத்தை அதன் வழியில் பாருங்கள் நண்பரே. நாயகன் கோமா இல்லை, ஜேசன் ஃபிளெமிங் நடித்த ஜோனதன் கிரீன். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயன், வரைபடம் வரைபவன். அளந்து குறித்துக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. அப்படிப்பட்டவன் பேய் ஊருக்குள் நுழைந்தால் கதை துப்பறியும் பக்கம் போகாமல் எங்கே போகும்? கோகோல் கதையை அப்படியே எடுக்க 1967-இலேயே ஆள் இருந்தது, எடுத்தும் விட்டார்கள். அதையே திரும்ப எடுத்து என்ன பயன்?

வண்டியோடு அளவுச் சக்கரம் பூட்டியிருக்கிறானே, அதைக் கவனித்தீர்களா? இங்கிலாந்தில் நிஜமாகவே புழங்கிய கருவி. சக்கரத்தின் சுற்றளவு 8 அடி 3 அங்குலம் இருக்கும். இரண்டு சுற்றுக்கு 16½ அடி, 640 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். ஜான் ஓகில்பி 1675-இல் வெளியிட்ட சாலை வரைபடங்களுக்கு இந்த மாதிரிச் சக்கரத்தை உருட்டித்தான் அளந்தார்கள். காடு, சேறு, பேய் எதுவாக இருந்தாலும் இவனுக்குச் சுற்றுக் கணக்குதான். படத்தின் பார்வையே அதுதான்.

பழைய_ரீல்:
சக்கரக் கணக்கு சரி. ஆனால் சேற்றில் சறுக்கினால் சுற்று குறையும், மேடு பள்ளத்தில் தூரம் கூடும். வளைந்த பாதையில் அது பாதையின் நீளத்தைச் சொல்லுமே ஒழிய ஊருக்கு ஊர் நேர்த்தூரத்தைச் சொல்லாது. ஒவ்வொரு திருப்பத்திலும் காம்பஸ் வைத்துத் திசை குறித்தால்தான் வரைபடம் வரும். ஓநாய் துரத்தும்போது எங்கே குறிப்பது? அதை விடுங்கள்.

1967 படத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இயக்கியவர்கள் யெர்ஷோவும் குரோபச்சோவும். இருவரும் புதியவர்கள். தந்திரக் காட்சிகளுக்குத் துணை நின்றவர் அலெக்சாந்தர் ப்துஷ்கோ, வெனிஸில் பரிசு வாங்கிய 'சாத்கோ' எடுத்தவர். சவப்பெட்டி தேவாலயத்துக்குள் பறக்கும் காட்சியில் நத்தாலியா வார்லி நிஜமாகவே பெட்டியில் நின்றுகொண்டு சுற்றினார். சர்க்கஸில் பழகியவர், அப்படியும் ஒரு தடவை கீழே விழ, கோமாவாக நடித்த குராவ்லியோவ் பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் வார்லியின் கை தடுமாறுவது பயத்தைக் கொண்டுவருகிறது. கணினியில் பறக்கிற பெட்டிக்கு எடையே இல்லை. எடை இல்லாத பொருள் இடிக்க வந்தால் யார் ஒதுங்குவார்கள்?

அளவுச்சக்கரம்:
பெட்டி அருமைதான், ஒப்புக்கொள்கிறேன். அதே படத்தில் கடைசியில் வருகிற வீயையும் சொல்லுங்கள். உடம்பில் பஞ்சும் களிமண்ணும் அப்பின மாதிரி ஓர் ஆள், இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார்கள். இன்றைக்குப் போட்டுக் காட்டினால் அரங்கம் சிரிக்கும். எழுபத்துச் சொச்ச நிமிடப் படத்தில் முத்தாய்ப்பே அதுதான். அங்கே சறுக்கியதைப் பழமைக்காக மன்னிக்கிறீர்கள், 2014-ஐ மட்டும் தராசில் வைக்கிறீர்கள்.

சோதனை_எலி:
முதல் பதிவில் வந்த வட்டத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. கோகோல் எழுதியது 'வட்டம் போட்டான்' என்று மட்டும்தான், எதால் என்று சொல்லவில்லை. நம் மனசில் இருக்கும் சுண்ணக்கட்டி வட்டம் படங்கள் கொண்டுவந்த சரக்கு. திரையில் வெள்ளைக் கோடு தெரிய வேண்டுமே.

இன்னொன்று, 2014 படத்தைப் பார்க்கிற முறையிலும் பாதி அடிபடுகிறது. 2டி திரைக்கு 14 ஃபுட்-லேம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தர வேண்டும் என்பது அரங்க வழக்கம். 3டியில் கண்ணாடிக்குப் பின்னால் நாலு, ஐந்து கிடைத்தாலே பெரிது. இரவு, தீவட்டி, காடு என்று ஓடும் படம் இது. மங்கலான திரையில் 3டி பார்த்தவன் 'ஒன்றுமே தெரியவில்லை' என்பான். வீட்டில் 2டியில் பார்த்தவன் 'எதற்கு எல்லாப் பொருளும் முகத்துக்கு நேரே வருகிறது' என்பான். இரண்டும் சரியான புகார். ஆங்கில டப்பிங் மூன்றாவது வினை: கோசாக்குகளின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ரஷ்ய ஒலித்தடத்தைப் போட்டு, சப்டைட்டிலோடு பாருங்கள். அதிலும் ஃபிளெமிங்கின் வாய் ஒட்டாது. ஆனால் ஓர் ஆளோடு போயிற்று, ஊரே தப்பித்தது.

மூன்றாம்_இரவு:
குறிப்புக்கு நன்றி. கேள்வி அப்படியே நிற்கிறது. குடித்ததால் கண்ட காட்சி என்று சொல்லிவிட்டால் பயந்தவன் முட்டாள் ஆகிறான். காசு கொடுத்துப் பயந்தவனும் அவனே.

அளவுச்சக்கரம்:
அந்த ஓட்டையை வெட்டி வைத்ததே கோகோல்தான் தலைவரே! மூன்றாம் இரவுக்கு முன்னால் கோமாவும் தோரோஷ் என்கிற கோசாக்கும் சேர்ந்து ஏறக்குறைய அரை வாளி சாராயம் இறக்குகிறார்கள். அதன் பிறகு கோமா ஊரார் நடுவே ஆடித் தீர்க்கிறான். அந்த நிலையில் தேவாலயத்துக்குப் போனவன் எதைப் பார்த்தான் என்று யார் சத்தியம் செய்வது? கதை முடிவிலும் பாருங்கள். அவன் கூட்டாளி கோரோபெத்ஸ் மதுக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான்: பயந்ததால்தான் செத்தான், அந்தச் சூனியக்காரியின் வாலில் எச்சில் துப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, கீவ் சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் சூனியக்காரிகள் என்று. கோகோல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். படம் அந்தச் சாராயத்தை எடுத்து முன்னால் வைத்தது, அவ்வளவுதான்.

மூன்றாம்_இரவு:
அரை வாளியை நினைவு வைத்திருக்கிறீர்கள், அதற்கு அடுத்த காலையை விட்டுவிட்டீர்கள். முதல் கோழி கூவியது பேய்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது கூவலில் விழுந்தடித்து ஓடப் பார்த்து, கதவிலும் ஜன்னலிலும் சிக்கிக்கொண்டன. பாதிரி வந்து பார்த்துவிட்டு உள்ளே கால் வைக்கவில்லை. தேவாலயம் அப்படியே கைவிடப்பட்டு, காடு மூடி, வழியே மறைந்துபோனது. குடித்தது கோமா, பாதிரி இல்லை. அதாவது ஓட்டையை வெட்டிய கோகோலே அதை அடைத்தும் வைத்தார். ஸ்தெப்சென்கோ அடைப்பை மட்டும் பிடுங்கிப் போட்டார்.

பழைய_ரீல்:
இது நல்ல அடி.

கணக்கன்:
ரசிகன் தீர்ப்பு வசூலில் இருக்கிறது என்று யாரும் கிளம்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ரஷ்யப் படங்களில் முதலிடம், சுமார் 120 கோடி ரூபிள். அன்றைய மாற்று விலையில் மூன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. செலவு 2.6 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அரங்குகள் பாதியை எடுத்துக்கொண்டால் உள்நாட்டில் மட்டும் போட்ட பணம் திரும்பவில்லை. அதனால்தான் ஆங்கிலேய நாயகன், ஆங்கில டப்பிங், 2019-இல் ஷ்வார்ஸ்நெகரும் ஜாக்கி சானும் இருக்கிற அடுத்த பாகம். கிரீன் கதைக்குத் தேவைப்பட்டானோ இல்லையோ, வெளிநாட்டு விற்பனைக்குத் தேவைப்பட்டான்.

அளவுச்சக்கரம்:
கணக்கு சரி. மூன்றாம்_இரவுக்கு ஒரு கேள்வி: கிரீன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது வண்டியில் என்ன இருந்தது?

மூன்றாம்_இரவு:
அந்தச் சிறகு முளைத்த குட்டிப் பிசாசு. தெரியும். அடுத்த பாகத்துக்குப் போட்ட தூண்டில்.

அளவுச்சக்கரம்:
தூண்டிலாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் அளந்து முடித்தவன் வண்டியில் அளவுக்குள் வராத ஒன்று ஏறிக்கொள்கிறது, அவனுக்குத் தெரியாது. அப்போது அவன் குடித்திருக்கவும் இல்லை. கோகோல் ஜன்னலில் சிக்கவைத்த பேயை ஸ்தெப்சென்கோ வண்டியில் ஏற்றிவிட்டார். அடைப்பு இருக்கிறது, இடம்தான் வேறு.

மூன்றாம்_இரவு:
கோகோல் ஒரு தேவாலயத்தையே காட்டுக்குள் புதைத்தார். இங்கே முயல் அளவில் ஒரு சிஜி பொம்மை, சில நொடி, பார்ப்பவன் சிரிக்கிற மாதிரி. இரண்டும் ஒரே எடை என்றால் உங்கள் சக்கரத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆனால் அது விருந்துக் காட்சியோடு சேராது, போதைக்கு வெளியே நிற்கிறது என்பது சரி. அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

சோதனை_எலி:
இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் 1967-ஐ முதலில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் பழைய வீய் வரும்போது சிரித்துவிடுவீர்கள், பறக்கும் பெட்டி செய்த வேலை வீணாகும்.