புதுப்பிப்பு: கரைச்சுவர் பணிக்கு முந்தைய தொல்லியல் ஆய்வு

ஆற்றங்கரையில் கரைச்சுவர் எழுப்பும் முன், மேற்பரப்பை நடந்து பார்ப்பது மட்டும் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போதாது என்று நீங்கள் சொன்னதே சரியாயிற்று. மேலே எதுவும் தென்படாத இடத்தில், கைத்துளைப்பானால் எடுத்த மண் மாதிரிகளில், வெள்ளம் படியவைத்த வண்டலுக்கு 1.5 மீட்டர் கீழே கரித்துண்டுகளும் பானையோடுகளும் கலந்த கரிய அடுக்கு ஒன்று வந்தது. ஓடுகளின் விளிம்புகள் தேயாமல் கூர்மையாக இருப்பதால், அவை நீரோட்டத்தில் உருண்டு வந்தவை அல்ல, அங்கேயே விடப்பட்டவை என்று கருதுகிறோம். மண்ணுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, புதைந்திருப்பவற்றைக் காட்டும் தரை ஊடுருவு ராடார்தான் ஏமாற்றியது. ஈரக் களிமண் அதன் அலைகளை விரைவில் உறிஞ்சிவிடும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

நீர்மட்டம் தாழ்ந்த இரண்டு நாட்களில், கரையோரச் சேற்றில் வரிசையாக நின்ற மரக்கம்புகளின் முனைகளையும் கண்டோம். நீரூறிய மரம் உலர்ந்தால் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், அவற்றைப் பிடுங்காமல், இருப்பிடத்தை அளந்து, படமெடுத்து, மீண்டும் சேற்றாலேயே மூடினோம். ஒரு சிறு துண்டு மட்டும், ஈரம் காயாதபடி பொதியப்பட்டு, கரிமக் காலக்கணிப்புக்குச் சென்றிருக்கிறது. சோதனைக்குழிகள் முடியும்வரை அந்தப் பகுதியில் தூண் அடிப்பதை நிறுத்திவைக்கப் பொறியாளர் ஒப்புக்கொண்டுள்ளார்.