முதல் நீண்ட வெளிநாட்டுப் பயணம்: கைச்செலவுக் கணக்கு உங்களை எங்கே கவிழ்த்தது?

கும்பகோணத்துக்காரி:
ஃப்ளைட், ரயில், ரூம் எல்லாத்துக்கும் இங்கேர்ந்தே கட்டிட்டோம். 24 நாள், ரெண்டு பேர், கைச்செலவுக்கு நாளைக்கு 60 யூரோன்னு போட்டா 1,440. கூடக்குறைய இருக்கட்டும்னு 1,500 எடுத்துக்கிட்டோம். அத்தனையும் 50 யூரோ நோட்டு. கட்டு சின்னதா இருக்கேன்னு அப்போ சந்தோஷம் வேற.

மூணாம் நாள், மியூனிக் ஸ்டேஷன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவசரம்னா அவசரம்தான். கழிவறை வாசல்ல தடுப்புக் கம்பி, 1 யூரோ போட்டாத்தான் வழி விடும். நோட்டை எடுக்காது. கார்டு ரூம்ல பெட்டிக்குள்ள. அவர் காலை மாத்தி மாத்தி வச்சு நிக்கிறார், நான் அம்பது யூரோ நோட்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறேன். பின்னாடி நின்ன ஒரு பாட்டி ஒரு வார்த்தை பேசலை. பர்ஸைத் திறந்து ஒரு காசை எடுத்துப் போட்டு, இவரை முதுகுல கை வச்சு உள்ளே அனுப்பிட்டாங்க. நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள ஆளைக் காணோம். இடுப்புல 1,500 யூரோவைக் கட்டிக்கிட்டு ஒரு யூரோவுக்கு அடுத்தவங்க கையை எதிர்பார்த்து நின்னோம். மூணு மாசம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகலை.

ரோம்ல ரூம் வாடகைக்கு மேல தலைக்கு ராத்திரிக்கு 6 யூரோ நகர வரின்னு கவுன்ட்டர்ல தனியாக் கேட்டாங்க. நாலு ராத்திரிக்கு 48. அது வேற கதை.

ஊர்சுற்றி27:
ரெண்டு பேருக்கு 60 யூரோவே ஜாஸ்திக்கா. நான் தனியா 31 நாள், நாளைக்கு 25ல ஓட்டினேன். சூப்பர் மார்க்கெட் பிரெட், சீஸ், வாழைப்பழம். ஜெர்மனில தண்ணி பாட்டில் வாங்கினா 25 சென்ட் டெபாசிட் பிடிப்பாங்க, காலி பாட்டிலை மெஷின்ல போட்டா திரும்பி வரும். ஒரு நாள் 11 பாட்டில் போட்டு 2.75க்குச் சீட்டு வாங்கி, அதுலயே மதியச் சாப்பாடு முடிஞ்சது.

கவுத்துனது ஞாயித்துக்கிழமை. பாம்பெர்க்ல சனி ராத்திரியே பிரெட் தீந்துருச்சு. காலைல போய் சூப்பர் மார்க்கெட் கதவை இழுக்கறேன், இழுக்கறேன், வரலை. நாயைப் பிடிச்சுக்கிட்டுப் போன ஒரு பெரியவர் நின்னு, குழந்தைக்குச் சொல்ற மாதிரி “சோன்டாக்”னார். அங்க ஞாயித்துக்கிழமைன்னா கடை கிடையாதுன்னு எந்த யூடியூப்காரனும் சொல்லலை. அன்னைக்கு மட்டும் ஹோட்டல்ல 41 யூரோ.

நெல்லைச்சீமை:
தம்பி, 27 வயசுல பாட்டில் பொறுக்கலாம். சுகர் உள்ள மனுசனை பிரெட்டும் வாழைப்பழமும் தின்னச் சொல்லுதீயளே, நல்லாருக்கு. அக்கா கணக்கு சரிதான். சில்லறைதான் தப்பு.

எனக்கு அடி விழுந்தது பிராக்ல. ஏடிஎம்ல அந்த ஊர்க் காசு 5,000 கொருனா எடுக்கப் போனேன். “ரூபாயில் கணக்கு வைக்கவா, கொருனாவில் வைக்கவா”ன்னு திரையில கேக்கு. அந்நிய ஊர்ல ரூபாய்க் குறியைப் பாத்ததும் சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு, அமுக்கிட்டேன். ரூமுக்கு வந்து கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 1,800 ரூவா கூடப் போயிருக்கு. அந்த மெஷின்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டிருக்கான். ரூபாய்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க, அந்த ஊர்க் காசுதான் எப்பவும்.

இன்னொண்ணு. மறுநாள் வியன்னாவுக்கு டிக்கெட் போடணும், ஓடிபி வரல. வராது, ஏன்னா சிம்மு பாளையங்கோட்டையில மேசை டிராயருக்குள்ள கிடக்கு. அங்க ராத்திரி 11, நம்ம ஊர்ல 2.30. அப்பாவை எழுப்பி, சிம்மைப் பழைய நோக்கியாவுல போடச் சொல்லி, மெசேஜ் வந்ததும் கண்ணாடியைத் தேடுதாவ. “இது ஒண்ணாடா ஏழாடா?” அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. மூணாவது ஓடிபியில டிக்கெட் கிடைச்சுது. “சாப்ட்டியாலே?”ன்னு கேட்டுட்டுத்தான் போனை வச்சாவ.

கணக்குப்பிள்ளை:
நான் 2014ல் 40 நாள் போனேன். லண்டனில் ஒரு வாரத்திலேயே கார்டு முடங்கியது, மைத்துனன் பணம் அனுப்பினான். அது போகட்டும். இங்கே எழுதுகிறவர்கள் அடிப்படையையே விட்டுவிடுகிறீர்கள்.

சாதாரணக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்கப், அதாவது நாணயம் மாற்றும் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4.13. ஆயிரம் ரூபாய்க்கு 41 ரூபாய் 30 பைசா. எனவே மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, இரண்டும் வேறு வேறு பையில். கிளம்புமுன் வங்கி ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். 2020லிருந்து அது தானாக ஆன் ஆகி வருவதில்லை. நோட்டாகப் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குத்தான் தருவார்கள். கைச்செலவு போன்றவற்றுக்கு வருஷத்தில் வெளியே அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் மேற்கொண்டுள்ளதற்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பார்கள், 2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு. பிடித்ததை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அழ வேண்டியதில்லை. சிம்மை டிராயரில் வைத்துவிட்டுப் போனவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நெல்லைச்சீமை:
சொல்லிட்டீயளே அண்ணாச்சி. அந்தக் கார்டு ஏன் முடங்குச்சுன்னு மட்டும் சொல்லல.

அண்ணாநகர் தாத்தா:
எல்லோரும் பணம் பற்றாமல் போன கதை சொல்கிறீர்கள். எனக்கு நேர்மாறு. மகன் டல்லாஸ் பக்கம். ஆறு மாதம் இருக்கப் போனேன். கையில் 400 டாலர், என் பென்ஷனில் மாற்றியது. ஏர்போர்ட்டில் ஒரு காபிக்குப் பர்ஸை எடுத்தேன், “வைங்கப்பா” என்றான். அன்று ஆரம்பித்தது. மளிகைக்கடை, கோவில், முடிவெட்டும் கடை, எங்கே கை பைக்குள் போனாலும் “வைங்கப்பா.”

ஒருநாள் பேத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நடந்தே போனேன். கலர் பென்சில் பெட்டி, சீட்டில் 20 டாலர். சரியாக ஒரு இருபது நோட்டை எடுத்து மடிப்பு நீவிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் 21.65 என்றாள். வரி அங்கே விலைச்சீட்டில் இருக்காது, பில்லில்தான் ஏறும். மீதி நோட்டெல்லாம் வீட்டு சூட்கேஸில். பேத்தி என்னைப் பார்க்கிறாள், நான் பென்சிலைப் பார்க்கிறேன். திருப்பி வைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் மருமகள் போனிலேயே ஆர்டர் போட்டு, மறுநாள் வாசலில் பெட்டி வந்துவிட்டது. “தாத்தா வாங்கித் தந்தது” என்றுதான் குழந்தையிடம் சொன்னாள். நல்ல பெண். ஆனாலும்.

கிளம்பும்போது 340 டாலர் அப்படியே இருந்தது. இங்கே வந்து மாற்றியதில் ரேட்டிலும் கொஞ்சம் போயிற்று.

ஊர்சுற்றி27:
தாத்தா, அந்த 60 டாலர் எதுக்குப் போச்சு?

அண்ணாநகர் தாத்தா:
கோவில் உண்டியல். அங்கே மட்டும் அவன் தடுக்கவில்லை.

கும்பகோணத்துக்காரி:
கணக்குப்பிள்ளை சார், கார்டு விஷயம் எழுதி வச்சுக்கிட்டேன். ஆனா மியூனிக்குக்கு அப்புறம் இவர் எதை வாங்கினாலும் நோட்டை நீட்டிச் சில்லறையாவே வாங்க ஆரம்பிச்சுட்டார். சுருக்குப்பை கனத்துப்போச்சு. ஊருக்கு வந்து மாத்தப் போனா நோட்டுன்னாத்தான் எடுப்போம், காசு வேண்டாம்னுட்டாங்க. 14 யூரோ, எல்லாம் காசா, சாமி அலமாரியில இருக்கு. அந்தப் பக்கம் யாராவது போறவங்க இருந்தா சொல்லுங்க, கொடுத்து விடறேன். ஒரு யூரோக் காசு மட்டும் ஒன்பது இருக்கு.