மறுமொழி: ‘ஊடுருவா’ என்பதற்கு என் தடை

அன்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் பயிற்சிக் கையேட்டின் ஒன்பதாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆகவே, மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்காமல் முகமூடி முதலியவற்றால் மூச்சுக்கு உதவும் ‘நான்-இன்வேசிவ் வென்டிலேஷன்’ (என்ஐவி) என்னும் சிகிச்சைக்குத் தமிழ்ப்பெயர் தேடி மூன்று நாளாக நீளும் இம்மடலிழையில் என் கருத்தையும் வைத்துவிடுகிறேன்.

முன்மொழியப்பட்ட ‘ஊடுருவாக் காற்றூட்டல்’ என்பதில் ஒற்று மிகுமா என்றே பதினொரு மடல்கள் வந்துவிட்டன. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; மிகும். என் தடை வேறு. செய்பவன், கருவி, நிலம் முதலாகிய ஆறு பொருட்பெயர்களையும் பெயரெச்சம் ஏற்கும் என்கிறது நன்னூல். அதனால் ஊடுருவாதது கருவி என்று கொள்ளாமல் காற்று என்றே நோயாளியின் மகன் கொள்வார். நுரையீரலுக்குள் காற்றுப் புகுவதற்கென்றே செய்யும் சிகிச்சைக்கு, உள்ளே போகாத காற்று என்று பெயரிட்டவர்கள் ஆவோம்.

இவ்விழையில் புலவர் ஐயா முன்மொழிந்த ‘குழாயில்லா’ எளிமையானதுதான். ஆனால் முகமூடியை இயந்திரத்தோடு இணைக்கும் நெளிகுழாய் நோயாளியின் மார்பின்மேலேயே கிடக்கிறது, “இது குழாய் இல்லையா?” என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள். ‘முகமூடிவழி’ என்றால், 1928இல் பாஸ்டனில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட இரும்பு நுரையீரல், அதுவும் இவ்வகையே ஆயினும், பெயருக்கு வெளியே நின்றுவிடும்: கழுத்துக்குக் கீழே உடலை அடைத்து, சுற்றியுள்ள அழுத்தத்தைக் குறைத்தே அது மூச்சை உள்ளிழுக்க வைத்தது. குழுவின் அம்மையார் தாம் முன்மொழிந்த ‘உயிர்ப்பூட்டல்’ என்பதற்காக வெய்துயிர்ப்பு, நெட்டுயிர்ப்பு என்று இலக்கியத்தில் உலா வந்ததைச் சுவைத்துப் படித்தேன். ஆயினும் இதயம் நின்றவரை மீட்கும் முதலுதவி என்று மாணவர் மயங்குவர்.

ஆகவே ‘குழாய் செருகா மூச்சூட்டல்’ என்கிறேன். எது செருகப்படவில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால், மூச்சின்மேல் எதிர்மறை ஏறாது.

இச்சிகிச்சை தேவைப்படும் ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்’ நிலைக்குச் சொல்லப்பட்ட ‘கடும் மூச்சுத்திணறல்’ என்பதை மட்டும் ஏற்கவே முடியாது. திணறல் நோயாளி உணர்வது; செயலிழப்பு இரத்தப் பரிசோதனை காட்டுவது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிக் கரியமிலவாயு தேங்கி, தமனி இரத்தத்தின் அமில காரக் குறியீடு (pH) 7.35க்குக் கீழே இறங்கும் நிலையில்தான் இச்சிகிச்சை பெரிதும் கைகொடுக்கிறது. அப்படிப்பட்டவர் திணறாமல், கண் செருகி, உறங்குபவரைப் போல் கிடக்கக்கூடும். திணறலைத் தேடும் செவிலியர் அவரைக் கடந்து போய்விடுவார். ‘திடீர் மூச்சுச் செயலிழப்பு’ என்றே எழுதியிருக்கிறேன்.

வார்டில் எல்லாரும் சொல்லும் ‘என்ஐவி’ அடிக்குறிப்பில் இருக்கட்டும் என்பதற்கு ஐவர் இசைந்தனர், இருவர் இசையவில்லை. செருகுவது கத்திக்குரிய வினை என்னும் அம்மையாரின் மறுப்புக்கு என்னிடம் இன்னும் விடையில்லை.