வங்கி அதிகாரி நேர்முகத் தேர்வு: பொறியியல் படித்து, இடைவெளியும் உள்ள நான் எவ்வாறு தயாராக வேண்டும்?

கேள்வி: மன்னார்குடி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐபிபிஎஸ் நிறுவனம் நடத்தும் புரொபேஷனரி ஆபீசர் (பயிற்சி அதிகாரி) பணிக்கான முதன்மைத் தேர்வில் தேறி, வாழ்க்கையில் முதன்முறையாக நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். சென்னையில் இன்னும் பதினெட்டு நாட்களில் தேர்வு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் எட்டு மாதம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததால் ஊருக்குத் திரும்பி, அப்பாவுக்கு வயல் வேலையில் உதவிக்கொண்டே படித்தேன். எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம், குறுவையும் சம்பாவும் போடுகிறோம்.

என்னைக் கலங்க வைப்பவை மூன்று. பொறியியல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இடைவெளியை எப்படி விளக்குவது? தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்த எனக்கு ஆங்கிலம் எழுத வரும், தடையின்றிப் பேச வராது. அதை எப்படிச் சமாளிப்பது? பயிற்சி மையத்தில் முதல் கேள்விக்கு ஒரு பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நாட்டின் பொருளாதாரத்துக்கு வங்கித்துறை முதுகெலும்பு என்று தொடங்கும் அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கே அது என் பேச்சாகத் தோன்றவில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தம்பி, வாழ்த்துகள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி, சில முறை தேர்வுக்குழுவிலும் அமர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நேர்முகத் தேர்வுக்கு 100 மதிப்பெண். அதில் பொதுப்பிரிவினர் 40 விழுக்காடும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் எடை கொடுக்கப்படுகிறது. அதாவது, உள்ளே நீங்கள் பத்து மதிப்பெண் கூடுதலாக எடுத்தால் இறுதியில் இரண்டு மதிப்பெண் கூடும். அந்த இரண்டும் முக்கியமே. ஆனால் எல்லாமே அந்தக் கால் மணி நேரத்தில்தான் முடிவாகிறது என்ற எண்ணத்தோடு உள்ளே போக வேண்டியதில்லை.

அந்த மனப்பாடப் பதிலைக் கைவிட்டுவிடுங்கள். முதுகெலும்பு என்று தொடங்கும் பதிலை ஒரே நாளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது ஆள் சொல்லும்போது குழுவினர் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. உங்களிடமோ யாரும் எழுதிக் கொடுக்க முடியாத பதில் இருக்கிறது. அப்பா பயிர்க்கடன் வாங்கியிருப்பார் அல்லவா? இன்றே அவருடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். அது கிசான் கடன் அட்டைக் கடனா, அம்மாவின் நகையை வைத்து வாங்கிய தனிக்கடனா? கிசான் கடன் அட்டை என்றால் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகியகாலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. தவணைக்குள் திருப்பிக் கட்டினால் 3 விழுக்காடு ஊக்கச் சலுகை கிடைத்து நிகர வட்டி 4 விழுக்காடாகிறது. நகையை வைத்து வாங்கும் தனிக்கடனுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அந்த 3 லட்சம் வரம்பை 5 லட்சமாக உயர்த்துவது பற்றி 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. தேர்வு நாளில் நடைமுறையில் உள்ள வரம்பு எது என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், குழுவினரின் கேள்விகள் உங்கள் வாயிலிருந்து வரும் சொற்களில்தான் கிளைக்கின்றன. விவசாயக் குடும்பம் என்று நீங்கள் சொன்னதும், பயிர்க்கடன் எப்போது வாராக்கடனாகும் என்று கேட்பார்கள். மற்றத் தவணைக் கடன்களுக்கு 90 நாட்கள் என்று எல்லோரும் படித்திருப்பார்கள். குறுகியகாலப் பயிருக்கு இரண்டு பருவங்கள், நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம் நிலுவையில் இருந்தால்தான் வாராக்கடன் என்பதை, அறுவடைக்குப் பிறகுதான் விவசாயி கையில் பணம் புழங்கும் என்ற காரணத்தோடு சேர்த்துச் சொல்ல உங்களைப் போன்ற ஒருவரால்தான் இயல்பாக முடியும். ஏன் வங்கி என்ற கேள்விக்கான பதிலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இன்ஜினியரிங்கைப் பற்றி வெட்கப்படவும் வேண்டாம். லேத் பட்டறை வைத்திருப்பவர் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வரும்போது, அந்த இயந்திரத்தின் விலையும் உற்பத்தித் திறனும் நியாயமானவைதானா என்று மதிப்பிடத் தெரிந்த அதிகாரி கிளைக்குப் பெரும் பலம்.

இடைவெளியை மறைக்காதீர்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, ஊருக்கு வந்தேன், வயலில் உதவினேன், படித்தேன் என்ற நான்கு வாக்கியங்கள் போதும். பழைய தொழிற்சாலையைக் குறை சொல்லி ஒரு சொல்லும் வரக்கூடாது.

கடைசியாக ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு முறை, காசோலை எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்டதற்கு ஆறு மாதம் என்றார் ஓர் இளைஞர். 2012 ஏப்ரல் 1 முதல் அது மூன்று மாதமாகிவிட்டது. உறுதியாகத் தெரியுமா என்று நாங்கள் இரண்டு முறை கேட்டோம். அது அவருக்கு நாங்கள் கொடுத்த வாய்ப்பு. அவரோ குரலை உயர்த்தி ஆறு மாதமே என்று நிலைநிறுத்தினார். தவறான பதிலுக்காக அவர் இழந்தது கொஞ்சம்தான். அந்தப் பிடிவாதத்துக்காக இழந்தது அதிகம். நாளை ஒரு வாடிக்கையாளரிடமும் இப்படித்தான் பேசுவார் என்றே எங்களுக்குத் தோன்றியது.

மறுமொழி: இரண்டாம் முறை தேறியவன்

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். முதல் முறை நான் தோற்றதற்குக் காரணம், விண்ணப்பத்தில் நானே எழுதிய ஒன்று. எந்த வங்கிக்கு முதல் விருப்பம் கொடுத்திருக்கிறீர்கள், அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். இந்தியன் வங்கி என்று சொல்லிவிட்டு, தலைமையகம் சென்னையில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகி மதராஸ் மக்களின் சேமிப்பு அழிந்த பின்னணியில், 1907இல் அந்த வங்கி தொடங்கப்பட்டது என்பதையும், 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி அதனுடன் இணைக்கப்பட்டது என்பதையும் வெளியே வந்த பிறகுதான் படித்தேன். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எழுதியிருந்தால், 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அதைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் கிளைகள் திறக்கப்பட்டன என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். விருப்ப வரிசையில் முதல் மூன்று வங்கிகளையாவது இப்படிப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை என்னிடம் ஒரு சூழலைச் சொல்லிக் கேட்டார்கள். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர் பதற்றத்தோடு வந்து, வைப்புத்தொகை முழுவதையும் முறித்து ஒரு கணக்குக்கு உடனே அனுப்பச் சொல்கிறார்; கைப்பேசி அழைப்பைத் துண்டிக்க மறுக்கிறார்; நீங்கள் என்ன செய்வீர்கள்? விதிப்படி பணம் அவருடையது, மறுக்க முடியாது என்று தொடங்கியவன் உடனே திருத்திக்கொண்டேன். அவரை மேலாளர் அறைக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். போலீஸ் என்று கைப்பேசியில் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் சொல்லும் டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்பதைப் பொறுமையாக விளக்குவேன். வீட்டாரிடம் பேசச் சொல்வேன். முன்பே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய உதவுவேன் என்றேன். இத்தகைய கேள்விகளுக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இராது. உங்கள் ஊர்க் கிளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருபவர்கள் எதற்காக வருகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி: தஞ்சை வாசகி

சான்றிதழ்களைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. நான் தவித்தது அதில்தான். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழில் பிசி, எம்பிசி என்று இருப்பது இங்கே போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு கூடிய ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அது எந்தத் தேதிக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிரீமிலேயருக்கான 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாமல், தாமாகவே தகுதியில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பது நம் ஊரில் அதிகம் காணும் சிக்கல். வேறு மாநிலத்திலிருந்து வரும் அதிகாரிக்கு அது இரண்டு ஆட்களின் பெயராகத் தோன்றக்கூடும். விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு எல்லா ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் கூறப்பட்டிருப்பதை முன்னதாகவே செய்துவிடுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பதினெட்டு நாள் குறைவுதான், ஆனால் பயனற்றதன்று. அந்தப் பயிர்க்கடன் விவரத்தையே தினமும் ஒருவரிடம் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் விளக்குங்கள். வேகம் தேவையில்லை, தொடங்கிய வாக்கியத்தை முடித்தால் போதும். உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், இஸ்திரி போட்ட வெளிர்நிறச் சட்டையும் நீங்கள் முன்பே அணிந்து பழகிய காலணியும் போதும்.

கேட்டவரின் பதில்: மன்னார்குடி மாணவன்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன். நேற்றிரவு அப்பாவிடம் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கிசான் கடன் அட்டைக் கடன்தான், 1,20,000 ரூபாய். சென்ற முறை தவணை கடந்து இரண்டு மாதம் கழித்துக் கட்டியதால் ஊக்கச் சலுகை கிடைக்கவில்லை. 3,600 ரூபாய் போயிருக்கிறது. அப்படியொரு சலுகை இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் கட்டலாம் என்று இருந்திருக்கிறார். இதை நேர்முகத்தில் சொல்லலாமா, அல்லது தவணை தவறிய குடும்பம் என்று எடுத்துக்கொள்வார்களா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தாராளமாகச் சொல்லலாம் தம்பி. இரண்டு மாதத் தாமதம் வாராக்கடன் அன்று. அதற்கான விதியை மேலே எழுதியிருக்கிறேன், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லும்போது கிளை ஊழியர்கள் மேல் பழி போடாமல், அறுவடையும் தவணையும் ஒத்துப்போகாத விவசாயிக்கு நினைவூட்டல் எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்ததா, தமிழில் வந்ததா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். குழுவில் யாராவது அதைக் கேட்கக்கூடும். அப்படியே இந்த ஆண்டுத் தவணை எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னதாக நீங்களே அவரைக் கிளைக்கு அழைத்துச் சென்று கட்ட வையுங்கள்.