பழைய ஜிபிஜி கோப்பு திறக்கவில்லை, ஏஜுக்கு மாறிவிடலாமா?

மூடியபெட்டி: அவசரம். ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளில் பூட்டி வைத்த பழைய கோப்பு புதிய கணினியில் திறக்க மறுக்கிறது. கடவுச்சொல் சரிதான். ஏஜ் என்று புதிய பூட்டும் கருவி ஒன்று வந்திருக்கிறதாமே, அதில் திறக்குமா? இனி எல்லாவற்றையும் அதிலேயே பூட்டிவிடலாமா? வட்டுகளைப் பூட்டும் வெராகிரிப்டே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

கட்டளைவரி: என்ன சொல்லி மறுக்கிறது? பிழைச் செய்தி எங்கே? ஜிபிஜியின் எந்தப் பதிப்பு? கடவுச்சொல்லால் மட்டும் பூட்டியதா, பொதுச்சாவி, தனிச்சாவி என்ற சாவி இணையாலா?

சாம்பல்அணில்: விசைப்பலகைதான், சந்தேகமே வேண்டாம். பழைய கணினியில் வேறு அமைப்பு இருந்திருக்கும், குறியீடுகள் இடம் மாறியிருக்கும்.

ஆர்எஃப்சி_வாசகர்: ஜிபிஜி எழுதும் ஓபன்பிஜிபி வடிவக் கோப்பை ஏஜ் திறக்காது. இரண்டும் வேறு வடிவங்கள். கையேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஜிபிஜி 1.0 வந்தது 1999இல், ஏஜ் 1.0 வந்தது 2021இல். எதை நம்புவது என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

நீலப்பூட்டு: வயதுதான் தகுதியோ? வட்டுப்பூட்டு மென்பொருளான ட்ரூகிரிப்டும் மூத்ததுதான், 2014இல் திடீரென்று கைவிட்டுப் போனார்கள். அதன் வாரிசான வெராகிரிப்டோ 1.26 வரிசையில் ட்ரூகிரிப்ட் பெட்டிகளைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. அவற்றுக்கு 1.25.9ஐத் தேடிப் போக வேண்டும். ஏஜில் குழம்ப இடமில்லை: பூட்டச் சாச்சா20-பாலி1305 என்ற ஒரே குறிமுறை (பூட்டும் கணித முறை), கடவுச்சொல்லைச் சாவியாக்க எஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ஜிபிஜியில் குறிமுறையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தப்பாகவும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆர்எஃப்சி_வாசகர்: ஏஜில், அனுப்பியவர் யாரென்று காட்டும் கையொப்பம் கிடையாது. உங்கள் பொதுச்சாவி தெரிந்த எவரும் அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்துவிட்டுப் போகலாம். நீங்களும் திறந்து மகிழலாம்.

நீலப்பூட்டு: கடவுச்சொல்லால் பூட்டுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு? அது தெரியாதவரால் அப்படியொரு கோப்பை உருவாக்கவே முடியாது. கையொப்பம் தேவையென்றால் மினிசைன் என்ற தனிக் கருவி இருக்கிறது.

ஆர்எஃப்சி_வாசகர்: ஒரு வேலைக்கு இரண்டு கருவிகள். நல்ல முன்னேற்றம்.

கட்டளைவரி: நீங்கள் இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். மூடியபெட்டி, கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் லிஸ்ட்-பாக்கெட்ஸ் தெரிவோடு ஜிபிஜியை இயக்கி, வருவதைச் சொல்லுங்கள்.

மூடியபெட்டி: பதிப்பு 2.4. கடவுச்சொல் மட்டும்தான். சைஃபர் 3 என்று காட்டுகிறது. செய்தியின் முழுமை பாதுகாக்கப்படவில்லை என்று எச்சரித்துவிட்டு, மறைநீக்கத்தை வலிந்து நிறுத்திவிடுகிறது. 2003க்கு முந்தைய செய்தியென்றால் பரவாயில்லை என்பதுபோல ஒரு குறிப்பும் இருக்கிறது.

சாம்பல்அணில்: அப்படியென்றால் வட்டு பழுதாகியிருக்கிறது.

கட்டளைவரி: வட்டும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. சைஃபர் 3 என்றால் காஸ்ட்5 என்ற பழைய குறிமுறை. ஜிபிஜி 1.4இல் கடவுச்சொல் பூட்டுக்கு அதுதான் இயல்பிருப்பு. அது 64 பிட் தொகுதிகளில் இயங்குவது. அத்தகைய குறிமுறைகளுக்கு கோப்பு திருத்தப்பட்டதா என்று காட்டும் எம்டிசி என்ற முழுமைச் சரிபார்ப்பை அப்போது தானாகச் சேர்க்க மாட்டார்கள். 2018இல் பூட்டிய மின்னஞ்சலைத் திருத்தி உள்ளடக்கத்தைக் கசியவைக்கும் ஈஃபெயில் தாக்குதல் வெளியான பிறகு, 2.2.8 பதிப்பு முதல் எம்டிசி இல்லாததைப் பிழையாகவே கொள்கிறார்கள்.

அந்தப் பிழையைப் பொருட்படுத்தாத இக்னோர்-எம்டிசி-எரர் தெரிவைச் சேர்த்து, வெளியீட்டைப் புதிய பெயரில் எழுதுங்கள். உள்ளே ஜிசிப்பால் சுருக்கிய தொகுப்பு இருந்தால் முழுவதும் பிரித்துப் பாருங்கள். அதற்குச் சொந்தமாகச் சரிபார்ப்புத்தொகை உண்டு. தற்செயலான பழுதை அது பிடிக்கும், யாரேனும் வேண்டுமென்றே திருத்தியிருந்தால் அதை நம்ப முடியாது. மூலக் கோப்பை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

மாறுவதா என்று கேட்டீர்கள். நீங்களே பூட்டி நீங்களே திறக்கும் கோப்புகளுக்கு ஏஜ் போதும். 64 கிலோபைட் துண்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே வெளியே விடும். சரிபார்ப்பை விட்டுவிட்டுப் பூட்ட அதில் வழியே இல்லை. கையொப்பமிட்டு மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் ஜிபிஜி. வட்டு முழுவதையும் பூட்டுவதென்றால்தான் வெராகிரிப்ட்.

ஆர்எஃப்சி_வாசகர்: 2.4இல் புதிதாகப் பூட்டினால் ஏஇஎஸ் குறிமுறையும் எம்டிசியும் தாமாகவே வரும். அதையும் சொல்லியிருக்கலாம்.

கட்டளைவரி: உண்மை. ஜிபிஜியிலேயே தொடர்ந்தாலும் பாதகமில்லை.

மூடியபெட்டி: திறந்தது. தொகுப்பும் பிழையில்லாமல் பிரிந்தது. நன்றி.

நீலப்பூட்டு: கடைசியில் எதில் பூட்டினீர்கள்? பிரித்த நகல் வட்டில் அப்படியே கிடக்கிறதா?