ஓங்கெலோசும் நியோஃபிதியும்: முதலில் எந்த அரமேய அகராதி?

சுவடி: வணக்கம். எபிரேய எழுத்தும் அடிப்படை இலக்கணமும் அறிந்தவன். ஆதியாகமத்தின் அரமேய மொழிபெயர்ப்புகளான ஓங்கெலோஸ், நியோஃபிதி ஆகிய இரு தர்கூம்களையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்குகிறேன். இப்போதைக்கு ஓர் அகராதிதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

வைகைக்கரை: தயங்காமல் மார்க்கஸ் ஜாஸ்ட்ரோவின் அகராதியை வாங்குங்கள். 1886 முதல் 1903 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல் தர்கூம்கள், யூதச் சட்ட விவாதத் தொகுப்புகளான இரு தல்மூதுகள், வேத விளக்கங்களான மித்ராஷ் நூல்கள் அனைத்தின் சொற்களையும் ஒரே அகரவரிசையில் தருகிறது. பொருள் சொன்னதோடு நில்லாமல், சொல் வரும் இடத்தைச் சுட்டி அத்தொடரையும் பெயர்த்துக் காட்டுவதால், புரட்டப் புரட்ட மொழி பழகிவிடும். தர்கூமில் நுழைந்தவர் மித்ராஷுக்கும் போயே தீருவார். அப்போதும் இதுவே உதவும்.

நூலேணி: இதை நான் ஏற்கவில்லை, ஐயா. 1504-இல் படியெடுக்கப்பட்ட நியோஃபிதி ஏடு, ஓங்கெலோஸ் என்று தவறாகப் பட்டியலிடப்பட்டு வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அலெஹாந்த்ரோ தியெஸ் மாச்சோ அதை இனங்கண்டு அறிவித்தது 1956-இல். ஜாஸ்ட்ரோ 1903-இலேயே காலமாகிவிட்டார். அவர் பார்த்திராத ஏட்டுக்கு அவருடைய அகராதியையே முதல் துணையாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

அதைவிட முக்கியமானது வட்டார வழக்கு. ஆதியாகமம் 22:4-இல் ஆபிரகாம் தூரத்திலே அந்த இடத்தைக் கண்டான் என்னுமிடத்தில், ஓங்கெலோஸ் 'ஹஸா' என்ற வினையையும் நியோஃபிதி 'ஹமா' என்ற வினையையும் ஆள்கின்றன. பின்னது பாலஸ்தீன அரமேயத்துக்குரியது. இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பவருக்கு இத்தகைய வேறுபாடுகளே உயிர்நாடி. ஜாஸ்ட்ரோவிலோ எபிரேயத்தையும் அரமேயத்தையும் பிரிக்கும் குறி உண்டே தவிர, எந்த வட்டார அரமேயம் என்று சொல்லும் குறி இல்லை. மைக்கேல் சோகோலோஃப் யூதப் பாலஸ்தீன அரமேயத்துக்கு 1990-இலும், யூதப் பாபிலோனிய அரமேயத்துக்கு 2002-இலும் தனித்தனி அகராதி வெளியிட்டது இதற்காகத்தான்.

வைகைக்கரை: குறியே இல்லை என்பது சரியன்று. மேற்கோள்களைப் பாருங்கள்: ஓங்கெலோசில் உள்ளதா, எருசலேம் தர்கூம் எனப்படும் பாலஸ்தீன மொழிபெயர்ப்பில் உள்ளதா என்பதை ஓரெழுத்துச் சுருக்கத்தால் காட்டியிருக்கிறார். நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்கள்: சோகோலோஃபின் அந்த இரு அகராதிகளிலும் ஓங்கெலோசின் சொற்கள் சேர்க்கப்படவில்லை. பாலஸ்தீன அகராதி நியோஃபிதி, கெய்ரோ தொழுகைக்கூடக் கிடங்கில் (கெனிசா) கிடைத்த ஏட்டுத் துணுக்குகள், எருசலேம் தல்மூது போன்றவற்றுக்கானது. மற்றது முதன்மையாகப் பாபிலோனியத் தல்மூதுக்கானது. கேட்டவர் படிக்கப்போவதில் பாதி ஓங்கெலோஸ் அல்லவா? கைப்பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிய நூல், அந்தப் பாதிக்குக் கைவிரிக்கலாமா?

நூலேணி: ஓங்கெலோஸ் அவற்றில் இல்லை என்பது உண்மை; அதற்கு எட்வர்ட் குக் 2008-இல் வெளியிட்ட சொற்கோவை இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஓரெழுத்தை நம்பி இறங்குவது ஆபத்தானது. எருசலேம் தர்கூம் என்ற தலைப்பில் ஜாஸ்ட்ரோ போலி யோனத்தான் என்ற மற்றொரு தர்கூமையும் சேர்த்தே சுட்டுகிறார். அதன் மொழியோ ஓங்கெலோசின் நடையும் பாலஸ்தீன வழக்கும் பிற்கால வடிவங்களும் கலந்த ஏட்டு மொழி. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு ஒரு சொல்லைப் பாலஸ்தீன வழக்கு என்று மாணவர் குறித்துக்கொண்டால், ஒப்பீடு முழுவதும் பிசகிவிடும். கிரேக்கக் கடன்சொற்களைக்கூட செமித்திய வேர்களிலிருந்து வருவிக்க அவர் முனைந்ததும் பலர் எடுத்துக்காட்டிய குறையே.

சுவடி: சின்சினாட்டி எபிரேய யூனியன் கல்லூரியின் அரமேயச் சொற்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, இரண்டுக்கும் அது போதாதா?

நூலேணி: பெரும்பாலும் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அது எந்தெந்த வழக்கில் வருகிறது என்று குறித்திருக்கிறார்கள். இரு தர்கூம்களின் மூலத்தையும் அங்கேயே படிக்கலாம். ஜாஸ்ட்ரோவும் காப்புரிமை நீங்கி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் பணம் செலவிட வேண்டும்? சோகோலோஃபின் பாலஸ்தீன அகராதியை வாங்குங்கள்.

வைகைக்கரை: போலி யோனத்தானைப் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. திரையில் தேடிய சொல் மட்டுமே வரும். அச்சில் அதன் பக்கத்துச் சொற்களும் கண்ணில் படும். தொடக்க நிலையில் சொல்வளம் பெருகுவது அப்படித்தான். வழக்கு வேறுபாட்டைச் சரிபார்க்க இணையக் களஞ்சியமும், அன்றாடம் புரட்ட ஜாஸ்ட்ரோவின் அச்சுப் பதிப்பும் என்பதே என் பரிந்துரை.