ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் ஐஸ் ஹாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூட வேலை செய்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஹெர்ஷிக்குப் போகிறோம், ஒரு கரடி பொம்மை வாங்கிக்கொண்டு நீயும் வா என்றார். எதற்கு பொம்மை என்று கேட்டதற்கு, வந்து பார் என்று மட்டும் சொன்னார். அது 2025 ஜனவரி 5. பேர்ஸ் முதல் கோல் போட்டதுதான் தாமதம், அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கையில் இருந்ததையெல்லாம் வீச, கொஞ்ச நேரத்தில் ஐஸே தெரியவில்லை, பொம்மை மேல் பொம்மையாகக் குவிந்து கிடக்கிறது, ஆட்டக்காரர்களும் குழந்தைகள் மாதிரி அதற்குள் விழுந்து புரள்கிறார்கள். அன்றைய கணக்கு 1,02,343 பொம்மைகள், உலக சாதனை. எல்லாம் தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும்.

பொம்மைகளை அள்ளி முடிக்கும்வரை பக்கத்து இருக்கைப் பெரியவர் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். சாக்லேட் கம்பெனி ஊர் என்பதால் 1930களில் அணியின் பெயரே 'பார்ஸ்', சாக்லேட் பார்தான். இது விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று பேச்சு வந்து 1936இல் 'பேர்ஸ்', அதாவது கரடிகள் என்று மாற்றினார்களாம். 1938இல் அமெரிக்கன் ஹாக்கி லீகில் சேர்ந்த அணி இன்றுவரை அதே லீகில், அதே ஊரில்தான் இருக்கிறது. எத்தனையோ அணிகள் ஊர் மாறியும் கலைந்தும் போன லீகில் இது பெரிய விஷயம்.

———

பேர்ஸ் முன்பு ஆடிய பழைய அரங்கத்தையும் பாருங்கள். 1936இல் சாக்லேட் கம்பெனியின் நிறுவனர் மில்டன் ஹெர்ஷி கட்டியது, மேலே வளைந்த கான்கிரீட் கூரை, உள்ளே மறைக்க ஒரு தூண்கூடக் கிடையாது. கூடைப்பந்தில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததும் இங்கேதான், 1962 மார்ச் 2. அணி 2002இல் பக்கத்திலேயே ஜெயன்ட் சென்டருக்குப் போய்விட்டது. என் மகள் சறுக்கக் கற்றுக்கொண்டது பழைய அரங்கத்தில்தான், அதனால் எனக்கு அதுவே பேர்ஸின் வீடு.

———

நான் 2024 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்குப் போயிருந்தேன், கோச்செல்லா வேலி அணியோடு. கூடுதல் நேரத்தில் மாட் ஸ்ட்ரோம் கோல் போட்டு பேர்ஸுக்கு 13ஆவது கால்டர் கோப்பை, அதாவது அமெரிக்கன் ஹாக்கி லீகின் கோப்பை. அவருடைய அண்ணன் டிலன் அப்போது மேலே, பேர்ஸின் மேல் அணியான வாஷிங்டன் கேபிடல்ஸில் ஆடினார், தம்பி இங்கே. இந்த லீகில் நல்லா ஆடுகிறவரை மேல் அணி எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளும், இந்த வருடம் கத்திக் கத்திக் கைதட்டிய ஆள் அடுத்த வருடம் இருக்க மாட்டார். ஜே பீகிளும் இங்கே இரண்டு கோப்பை வாங்கிய பிறகு மேலே போனவர்தான், 2018இல் வாஷிங்டன் மேல் லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது எங்கள் வரிசையில் எல்லோரும் அவரை 'நம்ம பையன்' என்றே சொன்னார்கள். அந்த ஆறாவது ஆட்டம் முடிந்து கோப்பையோடு பேர்ஸ் சுற்றி வந்தபோது முன்வரிசையில் ஒரு பாட்டி அழுதுகொண்டே நின்றார். நானும் வீட்டுக்குக் கிளம்பாமல் அவர் பக்கத்திலேயே விளக்கு அணையும்வரை நின்றேன்.